ஆயாவின் பேர் எந்தக் கணக்கில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வருஷா வருஷம் மே, ஜூன் மாதங்களில் உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு செய்தி வரும். இன்ன தாலுகாவில் ஜமாபந்தி தொடங்கியது, அதிகாரி கிராமக் கணக்குகளை ஆய்வு செய்தார், இத்தனை மனுக்கள் வந்தன என்று. கூடவே ஒரு போட்டோ. நீள மேசை, அதன்மேல் அடுக்கிய கணக்குப் புத்தகங்கள், பின்னால் நின்றபடி குனிந்து பார்க்கும் நாலைந்து பேர். முன்பெல்லாம் அந்தப் படத்தைத் தாண்டி சினிமாப் பக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போது அந்தப் புத்தகங்களின் மேல் எந்தப் பசலி (வருவாய்த் துறையின் கணக்கு வருஷம்) எழுதியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு 71 வயது. அயனாவரத்தில் இருக்கிறேன். 1971-இல் தங்கசாலைத் தெருப் பக்கம் ஒரு அச்சகத்தில் கம்போசிங் (ஈய எழுத்துக் கோக்கும் வேலை) கற்றுக்கொள்ளச் சேர்ந்தவன். ஈய எழுத்துக் காலம் முடிகிற வரைக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்தேன். அப்புறம் கண் பார்வை இருக்கிற வரைக்கும் புரூஃப் பார்த்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்த விஷயத்தில் எனக்கு உதவியது படிப்பு அல்ல, அந்தத் தொழில்தான்.

கதை நிலத்தில் தொடங்கியது. நம்மவர்கள் பாட்டன் பூட்டனைத் தேடிச் சும்மா போவதில்லை; நிலத்தை வாங்க ஆள் வந்தால்தான் போவோம். அப்பாவின் ஊர் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அவர் 18 வயதில் பெரம்பூர் பி அண்ட் சி மில்லுக்கு வேலைக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. ஊரில் எங்களுக்கும் ஒரு பங்காளி வீட்டுக்கும் பொதுவாக 62 சென்ட் புன்செய் கிடக்கிறது. மல்லாட்டை போடுவார்கள், மழை ஏமாற்றினால் சும்மா கிடக்கும். அதை விற்கலாம் என்று பங்காளி சொன்னார். சரி என்றேன். அந்த ஒரு 'சரி'க்குப் பின்னால் நாலு வருஷம் ஓடிவிட்டது.

(ஊரின் பேரையும் தாலுகாவின் பேரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எனக்கு உதவி செய்த ஒரு கடைநிலை ஊழியருக்கு என்னால் மெமோ வரக் கூடாது. என் பேரையும் போட வேண்டாம். பங்காளிகள் எல்லாரும் உங்கள் வாசகர்கள்.)

பட்டா இன்றைக்கும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. தாத்தா 1961-இல் காலமானார். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். திட்டம் என்று ஊர் ஊராகப் போய் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்களே, அப்போது இறந்துபோன தாத்தாவையே நிலத்துக்குச் சொந்தக்காரராக எழுதி, அவருடைய அப்பா பேரைத் தப்பாகவும் போட்டுவிட்டார்கள். சின்னப்பையன் என்று இருக்க வேண்டியது சின்னப்பன் என்று இருக்கிறது. கம்பாசிட்டர் கண்ணுக்கு இது 'பை'யும் 'ய'வும் எடுக்க வேண்டிய இடத்தில் வெறும் 'ப' விழுந்த சாதாரணப் பிழை. புரூஃபில் ஓரமாகச் சுழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். பட்டாவில் அப்படிப் போக முடியாது. சின்னப்பையனும் சின்னப்பனும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். 'பெரிய சுரம்' வந்த வருஷத்தில் செத்துப்போனவருக்கு ஆதாரத்துக்கு எங்கே போவது?

பத்திரம் ஏதாவது இருந்தால் அதில் தகப்பன் பேர் சரியாக இருக்கும் என்று முதலில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊருக்கு ஆன்லைன் வில்லங்கம் 1975-க்கு முன்னால் போகவில்லை. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால்தான் தேட வேண்டும். இங்கே ஒரு நல்ல சேதி சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களை நகல் எழுதி வைக்கும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சொத்துக்காரராகவோ வாரிசாகவோ இருக்க வேண்டியதில்லை. அட்டவணை இரண்டு: ஒன்று ஆள் பேர் வரிசையில், இன்னொன்று சொத்து வரிசையில். ஆள் பேர் அட்டவணைதான் நம்மைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் எந்த வருஷத்து அட்டவணை என்று சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். நூறு வருஷத்தையும் புரட்டு என்றால் யார் புரட்டுவார்கள்?

வருஷம் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே துப்பு, பூட்டன் பெரிய சுரத்தில் போனார், ஆயா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிலத்தை அடமானம் வைத்துக் காப்பாற்றினாள் என்பது. ஆயா என்றால் அப்பாவின் பாட்டி. அப்பாவுக்கு அவள் ஆயா, தாத்தாவுக்கு அம்மா, ஊருக்கு மூலைவீட்டுக்காரி. பேர் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் 1988-இல் போய்விட்டார், நான் கேட்கவே இல்லை.

ஆக, பூட்டன் செத்த தேதியைத் தேடித் தாலுகா ஆபீஸுக்குப் போனேன்.

மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்பைப் பதிவு செய்வதற்கென்று 1899-லேயே தனிச் சட்டம் இருந்தது. கிராமத்தில் அதை எழுதியவர் மணியக்காரர். எழுதிய புத்தகம் தாலுகாவுக்குப் போய்ச் சேரும். இன்றைக்கு நடப்பில் இருக்கும் 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படியும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பதிவைத் தேடச் சொல்லலாம். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை போனபோது ஜன்னலில் இருந்தவர், "எதுக்கு? கேஸா, வேலைக்கா?" என்றார். இரண்டும் இல்லை, எங்கள் பூட்டனார் என்றேன். அதற்கு அவரிடம் தனி விண்ணப்பம் இல்லை. இரண்டாம் தடவை, பதிவு காணப்படவில்லை என்று ஒரு சான்று எழுதித் தருகிறோம், அதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். பாருங்கள், புத்தகத்தைத் திறக்காமலே காணப்படவில்லை என்று தரத் தயார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அந்த ஜன்னலில் முதியோர் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அறுபது பேர் நின்றார்கள். இதில் பூட்டன் வேறு.

மூன்றாம் தடவை, ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருந்த ஒரு அலுவலக உதவியாளர் என் கையில் இருந்த பழைய கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். அவர் கல்யாணப் பத்திரிகையும் தங்கசாலையில்தான் அடித்ததாம். மேலே அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, "உள்ளே வாங்கய்யா, தும்மல் வந்தா என்னைச் சொல்லாதீங்க" என்று பதிவறைக் கதவைத் திறந்தார்.

கட்டுகள் எல்லாம் துணி போட்டு நாடாவால் கட்டி, சொருகிய அட்டையில் 1328, 1329 என்று எண் எழுதி இருந்தன. ஏதோ வரிசை எண் என்றுதான் நினைப்போம். பசலி அது. அதோடு 590-ஐக் கூட்டினால் நம் வருஷம் வரும், ஜூலை முதல் தேதியில் பிறக்கும். 1328 என்றால் 1918 ஜூலையிலிருந்து 1919 ஜூன் வரை. கணக்குகளின் அடியில் ஊர்வாரியாகப் பிறப்பு இறப்புப் புத்தகங்கள் கிடந்தன. கரையான் ஒரு பக்கம், ராமபாணப் பூச்சி ஒரு பக்கம். அன்று ராத்திரி லாட்ஜில் சட்டைப் பையைத் தட்டினால் தவிடு போல ஒரு பிடி காகிதத் தூள் விழுந்தது. யாருடைய பேரோ.

அந்தக் கையெழுத்தைப் படிப்பது லேசு அல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து மாற்றிய அந்த 13 எழுத்தும் பழைய வடிவில், துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை எல்லாம் வரிசையாக நிற்கும். அப்புறம் எண்கள்: ௰ என்றால் பத்து, ௱ என்றால் நூறு. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. இந்தக் காலத்துப் பிள்ளைகளை உள்ளே விட்டால் மிரண்டுவிடுவார்கள். எனக்கு இவை பழைய சிநேகிதர்கள். என் கேஸில் (ஈய எழுத்துப் பெட்டியில்) ஒரு மூலைக் கட்டத்தில் ௵, ௴ எழுத்துகள் கிடக்கும், முகூர்த்த மாதம் வந்தால் மட்டும் கல்யாணப் பத்திரிகைக்காக எடுப்போம். ஈய எழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பழகிய கண்ணுக்கு மணியக்காரர் கையெழுத்து அரை மணியில் வசப்பட்டுவிட்டது.

1918 செப்டம்பர் வரைக்கும் எங்கள் ஊரில் மாதத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர். ஒரு பக்கம் பல மாதத்துக்கு வருகிறது. அக்டோபர் தொடங்கியதும் பக்கம் ரொம்புகிறது. அடுத்த பக்கமும் ரொம்புகிறது. கடைசிக் கட்டம் சாவுக்குக் காரணம். முதல் வரியில் 'சுரம்' என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே ௸ என்று ஒரு குறி. மேற்படி என்று அர்த்தம். அதன் கீழே ௸. அதன் கீழே ௸. பக்கத்தின் அடி வரைக்கும் ௸, மறுபக்கமும் ௸. உலகம் பூராவும் பரவிய இன்ஃப்ளூயன்சா அது. மணியக்காரருக்கு அந்தப் பேர் தெரியாது, சுரம் என்றுதான் போட்டார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் கையெழுத்து மாறுகிறது. அதுவரை சாய்ந்து ஓடிய எழுத்து நிமிர்ந்து, பெரிதாக, தடுமாறி வருகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பழைய கையெழுத்து திரும்புகிறது, கொஞ்சம் நடுக்கத்தோடு. மணியக்காரரும் படுத்து எழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நிமிர்ந்த எழுத்தில்தான் இருந்தது: சின்னப்பையன், வயது 35, ஆண், ௸.

எனக்கு வேண்டிய ஆதாரம் அதுதான். ஆனால் நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. காளயுக்தி வருஷம் ஐப்பசி மாதம். ஊரில் யார் வீட்டில் யார் யாருக்குச் சோறு பொங்கியிருப்பார்கள்? இன்னொன்றும் உண்டு. இறப்புச் சான்று வாங்கினால் அதில் சாவுக்குக் காரணம் இருக்காது, வெளியிடக் கூடாது என்று அதே 17-ஆம் பிரிவு சொல்கிறது. இப்போது போகிறவர்களுக்கு அது நியாயமான விதி. ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ௸ வரிசையைச் சான்றிதழை மட்டும் வாங்குகிறவர் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. புத்தகத்தைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

பிறகு ஆயாவைத் தேடினேன். ஊரில் மிச்சம் இருக்கிற ஒரே பெரியவர், எனக்குச் சித்தப்பா முறை, அவள் தாது வருஷத்தில் போனாள் என்று சொல்லியிருந்தார். தாது வருஷம் என்றதும் எல்லாருக்கும் 1876-இல் வந்த பஞ்சம்தான் ஞாபகம் வரும். பங்காளி ஒருவர் அதை அப்படியே நம்பி, பஞ்சத்தில் செத்த எங்கள் குலத்தாய் என்று ஊர்க் கோயில் விழா நோட்டீஸில் அச்சடித்தே விட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் தன் பிள்ளைகள் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னால் செத்திருக்க வேண்டும். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வருமே. இது அடுத்த தாது, 1936. பழைய ஜாதகம், பழைய பத்திரம் பார்க்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், வருஷத்தின் பேரை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்தில் இங்கிலீஷ் தேதியோ பசலியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

1936-க்கான எங்கள் ஊர்ப் புத்தகம் கட்டில் இல்லை. முன்னும் பின்னும் இருந்தன. நடுவில் மூன்று வருஷத்துக்குக் கரையான் மண்தான் மிச்சம். கட்டை அவிழ்த்தால் அட்டை மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது. உதவியாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "போச்சுங்கய்யா" என்றார்.

அவள் பேர் கடைசியில் பத்திரத்தில்தான் கிடைத்தது. 1918-ஐப் பிடித்துக்கொண்டு அதற்கு அடுத்த வருஷங்களின் ஆள் பேர் அட்டவணையைப் புரட்டியதில், சின்னப்பையன் குமாரர்கள் என்று ஒரு வரி அகப்பட்டது. நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன். துன்மதி வருஷம் ஆனி மாதம், 1921. அடமானக் கடன் பத்திரம். 'மைனர்களான 16 வயதுள்ள முனுசாமி, 12 வயதுள்ள இளையவன் ஆக இருவருக்கும் தாயாரும் கார்டியனுமாகிய கன்னியம்மாள் எழுதிக் கொடுத்தது.' (முனுசாமிதான் என் தாத்தா. இளையவன் பேரை நான் மறைத்திருக்கிறேன், அவர் வாரிசுகளோடுதான் இப்போது பேச்சுவார்த்தை.) சொத்து விவரத்தில் புன்செய் குழி 47 என்று இருந்தது. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. பெருக்கிப் பாருங்கள், 62 சென்ட் வரும். இப்போதைய பட்டாவில் 0.25 ஹெக்டேர் என்று போட்டிருக்கிறதே, அதே துண்டு. செக்குபந்தி (நாலு பக்க எல்லை) சொல்லி, நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் சகிதம் என்று முடித்திருந்தார் எழுத்தர். அதாவது புதையல் இருந்தால் அதுவும், தண்ணீரும், மரமும், கல்லும் உள்பட. வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் 47 குழிக்கு எவ்வளவு பெரிய வாக்கியம்!

அடியில் கன்னியம்மாள் கீறல் என்று இருந்தது. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதில் போடும் கோடு அது. ரேகை இல்லை. அந்தக் காலத்தில் குமாஸ்தா அசலைப் பார்த்துப் புத்தகத்தில் கையால் நகல் எழுதுவார். அவள் கை பட்ட அசல் கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போயிருக்கும். எனக்குக் கிடைத்தது குமாஸ்தா எழுதிய அந்த ஒரு வரிதான். என் பேத்திக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். தாத்தா, இதுல எது பேரு, எது சர்நேம் என்று கேட்டாள்.

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

ஆயாவின் பேர் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல, அந்த 47 குழி. நிலம் இருந்தவருக்கு நூறு காகிதம் உண்டு: சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, பத்திரம், பாகப்பிரிவினை. எனக்குத் தெரிந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், 1860-களில் எழுதிய இனாம் பதிவேட்டைப் பார்த்துத் தன் முன்னோருக்குக் கோயில் மேளத்துக்காக மானியம் விட்டதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிவேட்டில் அப்போது மானியத்தை அனுபவித்தவர் பேர், வயது, முதலில் வாங்கியவருக்கு என்ன முறை என்பது வரைக்கும் கட்டம் உண்டு. கிறிஸ்தவ நண்பர்களுக்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. நிலமும் இல்லாத, மானியமும் இல்லாத ஜனத்துக்கு என்ன இருக்கிறது? சென்சஸ் தாளை 1948-ஆம் வருஷத்துச் சட்டப்படி யாரும் பார்க்க முடியாது. மிச்சம் அந்தப் பிறப்பு இறப்புப் புத்தகம் ஒன்றுதான். எங்கள் பூட்டன் இருந்த அதே பக்கத்தில், மேலும் கீழும், ஒற்றைச் சொல் பேரோடு எத்தனை கூலிக்காரர்கள், எத்தனை குழந்தைகள்! பேர் வைக்காத குழந்தை என்றால் பேர்க் கட்டம் காலி, 'பெண், நாள் ௯' என்று மட்டும் இருக்கும். அரசாங்கம் அவர்களைப் பற்றி எழுதி வைத்த ஒரே வரி அது. அதைத்தான் கரையான் தின்கிறது.

எழும்பூரில் இன்னொன்று பார்த்தேன். ஸ்டேஷனுக்கு எதிரே 1909-இல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்துக்கு ஒரு நாள் செட்டில்மென்ட் பதிவேடு பார்க்கப் போயிருந்தபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அம்மா, மகள், மருமகன். மூவருக்கும் தமிழ் வராது. கையில் ஒரு கப்பல் பட்டியலின் பிரதி. 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பட்டியல் அது, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர் நிறைய. பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் என்ன தழும்பு என்பது வரைக்கும் அதில் எழுதியிருக்கிறது. வட ஆற்காடு ஜில்லா எங்கே என்று கேட்டார்கள். என்ன சொல்வது? 1911 வரைக்கும் அதற்குத் தலைநகர் சித்தூர், அது இப்போது ஆந்திராவில். பிறகு வேலூர். 1989-இல் இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். கிராமத்தின் பேரை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தான். வாய்விட்டுப் படித்துப் படித்துத்தான் என்ன ஊர் என்று கண்டுபிடித்தோம். அந்தத் தாலுகாவில் அவர்கள் முன்னோரின் அண்ணன் தம்பி யாராவது ஒரு இறப்புப் பதிவில் இருக்கலாம். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். எனக்கு அந்த ஜன்னலும் "கேஸா, வேலைக்கா?"வும் ஞாபகம் வந்தன. கடல் தாண்டிப் போன கூலியின் கணுக்கால் தழும்பை அந்த நாட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இங்கேயே இருந்துவிட்ட அவன் தம்பி பேர் நம்மிடம் இருக்கிறதா என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

தாலுகாவில் இருப்பது போக, வீடுகளில் கிடப்பது வேறு. 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதிய வீடுகள் அவை. ஒப்படைத்தது பாதி, பரணில் தங்கியது பாதி. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பழைய கர்ணம் வீட்டில், பேரன் என்னைப் பரணுக்கு ஏற்றிக் காட்டினார். பித்தளை அண்டாவுக்கும் உடைந்த தூளிக்கம்புக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டி. அதைப் பழைய பேப்பர்க்காரர் கிலோ கணக்கில் கேட்டாராம். பாட்டி விடவில்லையாம். அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நான் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. பட்டாவையும் வில்லங்கத்தையும் ஆன்லைனில் கொண்டுவந்த அரசாங்கம் இது. அதைப் பாராட்டுகிறேன், என் திருத்த மனு எங்கே நிற்கிறது என்று அயனாவரத்தில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிகிறது. (அங்கேயேதான் நிற்கிறது, அது வேறு விஷயம்.) ஆனால் ஸ்கேன் செய்யும்போது முதலில் நிலம், பிறகு நிலம், கடைசியிலும் நிலம் என்று போகாமல், நூறு வயது தாண்டிய பிறப்பு இறப்புப் புத்தகங்களை முன்னால் எடுத்து வைக்க வேண்டும். ஸ்கேன் ஆகிறபோது ஆகட்டும், அதுவரை அவற்றைப் படம் எடுத்துக்கொள்ளவாவது அனுமதிக்க வேண்டும். அந்த வயதுப் புத்தகத்தைப் பார்க்க, பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு போல ஒரு கட்டணம் வைத்து, ஏன் எதற்கு என்று கேட்காமல் யாரையும் அனுமதிக்க வேண்டும். கேஸும் இல்லை, வேலையும் இல்லை, என் பாட்டி பேர் வேண்டும் என்று ஒருவர் வந்தால் அதற்கும் ஒரு விண்ணப்பம் இருக்க வேண்டும்.

படிக்க ஆள் இல்லை என்பார்கள். என்னைப் போலப் பழைய கம்பாசிட்டர்கள், ஓய்வுபெற்ற பதிவுத் துறை நகல் எழுத்தர்கள், தமிழ் வாத்தியார்கள் எத்தனை பேர் சென்னையில் பென்ஷன் வாங்கிக்கொண்டும் வாங்காமலும் உட்கார்ந்திருக்கிறோம். பஸ் செலவும் ஒரு மேசையும் கொடுத்தால் போதும். அந்தக் கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்கிறவர்களில், எழுபதைத் தாண்டிவிட்ட நான்தான் இளையவன்.

உதவியாளரிடம் போன வாரம் போனில் பேசினேன். வருகிற சித்திரையில் ஓய்வுபெறுகிறாராம். நான் போனபோது பசலி 1329 கட்டு மேல் தட்டில் இடமில்லாமல் ஜன்னல் ஓரம் தரையில் கிடந்ததே, அதே இடத்தில்தான் இன்னும் இருக்கிறதாம். ஜன்னலுக்கு ஒரு கதவுதான் இருக்கிறது. ஐப்பசி பிறக்கிறதற்குள் அதை யாராவது தூக்கி மேலே வைக்கச் சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
ஒரு பழைய கம்பாசிட்டர்,
அயனாவரம், சென்னை - 23.